திறப்பு

ஏழாம் இலக்கப் புகலிடம், அராலி தெற்கு.
முப்பத்தாறு தூண். பதினெட்டுப் படி.
கூரையில் சூரியத் தகடு, அடியில் கட்டிய இரண்டு படகு.
திறப்பு என்னிடம்.

கட்ட முன்னம் ஒரு கூட்டம் வைத்தோம்.
உண்மையைச் சொன்னால் பதினொன்று.
"முகாம்" என்று தலைப்பிட்ட வரைபடத்தை
மீன்சந்தை றெஜினா நாலாய் மடித்துத்
திருப்பிக் கொடுத்தாள்.
பேனையை மூடிக்கொண்டு கேட்டார் பொறியியலாளர்:
"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"
அதற்கு ஏழு கூட்டம் போனது.
கதவுக்கு ஒரு கூட்டமே போதுமாயிருந்தது:
உள்ளேயிருந்தும் திறக்க வேணும்.
இருக்கிற ஆள் போகக் கேட்டால்
எந்த நேரமும், எந்தக் காற்றிலும்,
காரணம் கேளாமல் திறக்க வேணும்.
காற்றழுத்தம், பிணைச்சல் என்று அவர் ஏதோ சொன்னார்.
கூட்டக் குறிப்பில் அதுவும் இருக்கிறது.

இந்தக் கார்த்திகையில் இது நாலாவது.
பெயர்ப் பட்டியல் ஐப்பசியிலேயே தீர்ந்துவிட்டதால்
வானொலி இதை "அடுத்தது" என்கிறது.
ஐந்து மணிக்குக் கடல்நீரேரி வீதியைத் தாண்டியது.
ஆறுக்குச் சுடலையை.
சனம் வந்தது.
ஆட்டோடு, அரிசிமா வாளியோடு,
கட்டிலை விட்டுவிட்டுக் கட்டில் கால் நாலோடு.
பாய் விரித்தார்கள்.
விரித்த ஒழுங்கில் பழைய தெருக்கள் தெரிந்தன:
ஆர் ஆருக்குப் பக்கத்தில், ஆர் குழாய்க்கு அங்கால.
வடக்கு மூலை ஒழுகத் தொடங்க
அந்தத் தெருக்கள் கொஞ்சம் கலைந்தன.
முழுக்க இல்லை.

பெயர் எழுதி முடித்தேன்.
முன்னூற்று நாற்பத்தொன்று.

நிதுர்சன் வரவில்லை.
அறுபத்தெட்டு வயது, இரண்டு தரம் ஆள் அனுப்பினோம்.
ஐந்து வயதில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர்.
வரிசையில் நிறுத்தி எழுதி,
பிறகும் நிறுத்தி, பிறகும் எழுதி,
எழுதியவர்களில் சிலரை அதன்பின் காணாத இடம்.
கிணற்றுக்கட்டில் ஏறி நின்று சொன்னாராம்:
"பேர் எழுதுற இடத்துக்கு நான் வரமாட்டன்."

ஒன்பதரைக்குத் தர்மிகா வந்து கதவடியில் நின்றாள்.
அவர் வளவுக்கு அடுத்த வளவு.
இரண்டு பேருக்கும் ஒன்பது வருச வேலி வழக்கு.
"திறவுங்கோ."
"எங்க போறியள்?"
கேட்கக்கூடாத கேள்வி. கேட்டுவிட்டேன்.
அவள் சுவரில் தொங்கிய தீர்மானத்தைப் பார்த்தாள்.
காற்று மூச்சு வாங்கிய இடைவெளியில் திறந்தேன்.
றெஜினாவின் மகன் அன்ரன் படகை அவிழ்த்தான்.

ஐம்பது நிமிடம்.
நான் ஒன்றும் செய்யவில்லை.
திறப்பைப் பொத்திப் பிடித்திருந்தேன்,
உள்ளங்கை முழுக்க இரும்பு மணம்.
ஆரோ ஒருத்தன் சீட்டுக்கட்டைக் கலைத்தான்,
கலைத்துக்கொண்டேயிருந்தான், பிரிக்கவேயில்லை.

பிறகு படியில் மூன்று பேரின் கால்.
வாசலில் இரண்டு பேர் நுழைந்தார்கள். ஒருவர் நின்றார்.
மேசையைப் பார்த்தார்.
மேசையில் கொப்பி, கொப்பிமேல் பேனை.
நான் கொப்பியை எடுத்துக் கதிரையில் வைத்து
அதன்மேல் இருந்தேன்.

"வேலி போட்டுது," என்றாள் தர்மிகா, தலைமயிரைப் பிழிந்தபடி.
"வழக்கும் போட்டுது."

அவர் உள்ளே வந்தார்.
வந்ததும் கையை நீட்டினார், துவாய்க்கு அல்ல.
திறப்பைக் கொடுத்தேன்.
பூட்டினார். திறந்தார்.
மழை அடித்துக்கொண்டு உள்ளே வந்தது.
பூட்டினார். திறந்தார்.
முன்வரிசைப் பாய் நனைந்தது,
ஒரு பிள்ளை எழும்பி அழுதது,
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் தரம் பூட்டிவிட்டுக்
கதவை முதுகால் ஒருக்கால் தள்ளிப் பார்த்துக்
கேட்டார்: "தேத்தண்ணி இருக்கோ?"

விடியக் கச்சேரியிலிருந்து அழைப்பு.
சோற்றுப் பார்சலுக்குக் கணக்கு.
"ஏழாம் இலக்கம், எத்தனை பேர்?"
கொப்பி சூடாயிருந்தது.
"பேர் முன்னூற்று நாற்பத்தொன்று," என்றேன்.
"ஆள் முன்னூற்று நாற்பத்திரண்டு."